மடங்கினால் புதுக் குடை

சென்னை விளம்பர ஏஜென்சிகளை விட்டு இந்த வருஷம் நம் குடைக் கம்பெனிக்கு வந்து சேர்ந்த உங்களுக்கெல்லாம் தலை சுற்றுகிறது என்று மேனேஜர் எழுதியிருந்தார். படித்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தலை சுற்றாதவர்களை எடுத்திருந்தால்தான் கவலைப்பட்டிருப்பேன்.

உங்களுக்கு உபயோகமாக நாலு பக்கம் எழுதித் தரச் சொல்கிறார். உபதேசம் பண்ண என்னிடம் அதிகம் சரக்கு இல்லை. நானும் உங்களைப் போல ஏஜென்சியிலிருந்து வந்தவன்தான். வந்த முதல் சீசனிலேயே, இன்று நீங்கள் சம்பளம் வாங்கும் இந்தக் கம்பெனி கிட்டத்தட்டக் கவிழ்ந்து எழுந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவன். அதைச் சொல்கிறேன். வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

யுத்தம் வருவதற்கு முந்திய காலம். சென்னை ஜார்ஜ் டவுனில் ஒரு மாடியில் எங்கள் ஏஜென்சி இருந்தது. காலையில் கூந்தல் தைலம், டிபனுக்குப் பிறகு தலைவலி மருந்து, விளக்கு ஏற்றும் நேரத்தில் சைக்கிள் என்று எல்லாவற்றுக்கும் நான் வாசகம் எழுதினேன். சொற்கள் எல்லாம் ஒன்றுதான். 'நிகரற்றது', 'நீடித்து உழைப்பது', 'குடும்பத்தார் அனைவருக்கும் ஏற்றது.' ஒரு தைலக்காரர் வேண்டாமென்று தள்ளிய வாசகத்தை அப்படியே சைக்கிளுக்குக் கொடுத்திருக்கிறேன். 'வழுவழுப்பானது' என்ற ஒரு சொல்லை மட்டும் அடித்தேன். சைக்கிள்காரர் மிகவும் பாராட்டினார்.

அந்த மாடிக்கு ஒருநாள் தென்காசியிலிருந்து ஒரு வாலிபர் ஏறி வந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவர். அப்பா காலமானபின் குடைக் கம்பெனியைத் தலையில் தூக்கிக்கொண்டவர். நாரை மார்க் குடைக்கு ஒரு பத்திரிகை விளம்பரம் வேண்டும் என்றார். எழுதிக் கொடுத்தேன். படித்துப் பார்த்துவிட்டு, "நல்லா எழுதுதிய சார்வாள். எங்க குடையைப் பிடிச்சிருக்கியளா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை அதுவரை என்னிடம் யாரும் கேட்டதில்லை. இல்லை என்றேன். அவர் தன் கையிலிருந்த குடையை என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் மழை கொட்டியது. தெருவில் எல்லோரும் கடை ஓரங்களில் ஒண்டியிருக்க, நான் நாரை மார்க் குடையை விரித்துக்கொண்டு நடுத்தெருவில் நடந்தேன். எழுதிய பொருளை வாழ்க்கையில் முதல்முறையாக உபயோகிக்கிறேன். மேலே மழை தடதடவென்று விழுகிறது, என்மேல் ஒரு பொட்டு இல்லை. குடை எங்கே வாங்கியது என்று ஒருவர் கேட்டார். சொன்னேன். இன்னொருவர் கேட்கமாட்டாரா என்று அடுத்த தெருவையும் சுற்றினேன். அறைக்குப் போக வேண்டியவன் மழை விடும்வரை சுற்றிக்கொண்டே இருந்தேன். மழை விட்டபோது வருத்தமாகக்கூட இருந்தது.

மறுவாரமே தென்காசிக்கு எழுதிப்போட்டேன். விளம்பர மேனேஜராக உடனே வந்து சேரும்படி தந்தி வந்தது.

எங்கள் ஏஜென்சித் தலைவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஒன்று மட்டும் சொல்லி அனுப்பினார். கல்யாண வீட்டுச் சமையற்காரன் பந்தி முடிந்ததும் கரண்டியைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிடுவான், உப்புக் கூடினாலும் அவனுக்கு அடுத்த ஊரில் அடுத்த கல்யாணம் இருக்கும். நீ இனிமேல் வீட்டுக்குச் சமைக்கப் போகிறாய், ராத்திரி வைத்த குழம்பைப் பற்றிக் காலையில் கேட்பார்கள் என்றார். நான் சிரித்தேன். எனக்கு அப்போது எதைக் கேட்டாலும் சிரிப்புதான் வந்தது.

ஆனி பிறந்திருந்தது. தென்காசி ஸ்டேஷனில் இறங்கிய நிமிஷமே காற்று என் அங்கவஸ்திரத்தை உருவிக்கொண்டு போய்ப் பக்கத்துப் பெட்டியில் இருந்த ஒரு கனவான் முகத்தில் சாத்தியது. நான் மாயவரத்துக்காரன். காற்று என்றால் சாயங்காலம் ஆற்றங்கரையில் வீசுவது என்று நினைத்துக்கொண்டிருந்தவன். இது வேறு ஜாதி. மலைக் கணவாய் வழியாகத் திறந்துவிட்ட மாதிரி வந்து ஆளை முன்னால் தள்ளும். வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே பூப்பூவாகச் சாரல் விழும். குடை விற்க இதைவிட நல்ல ஊர் உலகத்தில் இருக்க முடியாது என்று நினைத்தேன். குடைக்கு இதைவிடப் பொல்லாத ஊரும் இல்லை என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

கம்பெனி அப்போது ஒரே கட்டிடம். முன்னால் கடை. நடுவில் தூத்துக்குடியிலிருந்து வரும் கம்பிகளைப் பூட்டும் இடம். பின்கட்டில் துணி தைக்கும் பெண்கள். ஏஜென்சி மாடிக்கு ஏறி வந்த அந்த வாலிபர்தான் முதலாளி, பின்கட்டு முழுக்க அவர் அக்காள் ராஜ்யம். எல்லோரும் அவரைப் பெரியக்கா என்போம். அதிகம் பேசமாட்டார். பேசினால் அதற்குமேல் பேச்சு இருக்காது.

ஏஜென்சிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் எனக்கு முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. ஏஜென்சியில் நாம் பத்து யோசனை சொன்னால் தலைவர் ஐந்தை அடிப்பார், வாடிக்கைக்காரர் நாலை அடிப்பார், மிச்சம் ஒன்று நமக்குத் தலை நரைக்கும்போது நிறைவேறும். அந்தப் பாதுகாப்பில் வாய்க்கு வந்ததைச் சொல்லிப் பழகியவன் நான். இங்கே முதலாளி வீட்டில் சாப்பாட்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்து, கடை உச்சியில் வண்டி அளவுக்கு ஒரு குடை விரித்து வைத்தால் ஊரே பார்க்கும் என்றேன். பேச்சுக்குச் சொன்னதுதான். மோர் ஊற்றுவதற்குள் முதலாளி எழுந்து போய்விட்டார். பொழுது சாயும்போது பின்கட்டில் மூங்கில் வளைத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் குடை மேலே ஏறிய அன்று எனக்கு இருந்த பெருமையை என்னவென்று சொல்ல. என் வாயிலிருந்து வந்த வார்த்தை, கறுப்புத் துணி போர்த்துக்கொண்டு தெருவுக்கே நிழல் கொடுத்துக்கொண்டு நிற்கிறது. கோவிலுக்குப் போகிறவர்கள் எல்லாம் அண்ணாந்து பார்த்தார்கள். நான் எதிர்ச்சாரியில் நின்று, பார்ப்பவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மத்தியானம் காற்று அதை எடுத்துக்கொண்டு போயிற்று.

சத்தமே இல்லை. குடை ஒரு தடவை தும்மின மாதிரி குலுங்கியது, அப்புறம் கயிறுகளை அறுத்துக்கொண்டு எழும்பி, தெருவில் இறங்கி, சக்கரம்போல உருள ஆரம்பித்தது. முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினார். அவர் பின்னால் நான். எங்கள் பின்னால் கம்பி பூட்டுகிறவர்கள், அவர்கள் பின்னால் காரணம் தெரியாமல் பாதித் தெரு. முதலாளி ஓடிக்கொண்டே சிரித்தார். அவர் சிரிப்பதைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்து ஓட முடியவில்லை. கடைசியில் குடை, வைக்கோல் பாரம் ஏற்றிப்போன ஒரு மாட்டுவண்டியின்மேல் போய்ப் பொத்தென்று உட்கார்ந்தது. வண்டிக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தன்மேல் நிழல் விழுந்ததை மேகம் என்று நினைத்துச் சுரண்டை ரோட்டில் வெகுதூரம் போய்விட்டார்.

சிரிப்பு இரண்டு நாள் இருந்தது. மூன்றாம் நாள் ஊர் சிரித்தது. கம்பெனிக்காரன் குடையே காற்றுக்கு நிற்கவில்லை, நம் குடையா நிற்கப்போகிறது என்று பேச்சுக் கிளம்பிவிட்டது. சுரண்டைக் கடைக்காரர்கள், கேட்டிருந்த சரக்கை இப்போதைக்கு அனுப்ப வேண்டாம் என்று ஆள் விட்டார்கள். குற்றால சீசன் வியாபாரம்தான் கம்பெனிக்கு வருஷம் முழுக்கச் சாப்பாடு. அது போனால் பின்கட்டில் தையல் நிற்கும், விளம்பர மேனேஜர் என்று போர்டு எழுதி மாட்டியிருந்த என் அறைக்கும் வேலை இருக்காது.

முதலாளி முகம் வாடிப்போய்ச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அவரைத் தேற்றுவதற்காக நான் ஒரு வார்த்தை சொன்னேன். பெரிய குடை போனால் போகிறது, நம் கைக்குடை காற்றில் மடங்கினால் புதுக் குடை தருகிறோம் என்று சொல்ல வேறு எந்தக் கம்பெனிக்குத் தைரியம் உண்டு என்றேன்.

கேள்வியாகத்தான் கேட்டேன். அவர் பதிலாக எடுத்துக்கொண்டார். கையை உதறிக்கொண்டு எழுந்து அச்சாபீசுக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் புளியறையிலிருந்து சுரண்டை வரைக்கும் சுவர் கண்ட இடமெல்லாம் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. குற்றால சீசனில் நாரை மார்க் குடை காற்றில் மடங்கினால், அதைக் கொடுத்துவிட்டுப் புதுக் குடை பெற்றுக்கொள்ளலாம். அவ்வளவுதான் வாசகம். கீழே நாரை ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தது.

பெரியக்கா ஒரு நோட்டீஸைக் கையில் பிடித்துக்கொண்டு பின்கட்டிலிருந்து வந்தார். இது யார் சொன்னது என்று கேட்டார். முதலாளி சந்தோஷமாக என்னைக் காட்டினார். பெரியக்கா என்னைப் பார்த்தார்.

"ஒரு வரி நீங்க எழுதிட்டிய. அதத் தைக்கது நாங்கல்லா."

சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குத் திரும்பிவிட்டார். இந்த வரியை உங்கள் மேஜைக்கு எதிரே எழுதி ஒட்டிக்கொண்டாலும் தப்பில்லை.

முதலில் என்னவோ எல்லாம் பூரிப்பாகத்தான் இருந்தது. வியாபாரம் பிய்த்துக்கொண்டு போயிற்று. சுரண்டைக்காரர்கள் நேரிலேயே வந்து கட்டுக்கட்டாக எடுத்துப் போனார்கள். குற்றாலத்தில் பெரிய அருவிக்குப் போகும் வழியில் தட்டி மறைத்து ஒரு சீசன் கடை போட்டோம். குளித்துவிட்டு ஈரத்தோடு வருகிறவர்கள் நின்று குடை வாங்கினார்கள். நான் தரையில் கால் பாவாமல் திரிந்தேன்.

பிறகு ஆடிக் காற்று ஆரம்பித்தது.

தென்காசிக் கோவில் வாசலில் எப்போதும் ஒரு காற்று உண்டு. உள்ளே போகும்போது எதிரே வந்து தள்ளும், தாண்டிவிட்டால் முதுகுப் பக்கம் தள்ளும். உள்ளூர் இளவட்டங்களுக்கு இது நன்றாகத் தெரியும். எங்கள் கடையில் குடை வாங்குவார்கள், நேரே கோவில் வாசலுக்குப் போய்க் காற்று வரும் இடமாகப் பார்த்து விரிப்பார்கள், குடை தாமரைப் பூவாக மேலே மலரும், அதை அப்படியே தூக்கிக்கொண்டு திரும்பி வந்து புதுசு கேட்பார்கள். கொடுத்தோம். புதுக் குடையையும் கொண்டுபோய் மடக்கியவர்கள் உண்டு. கோவிலுக்கு வந்தவர்கள் சாமி கும்பிட்டுவிட்டு இந்த வேடிக்கை பார்க்க நின்றார்கள். நல்லவேளையாக ஊர்ப் பெரியவர்கள் அதட்டி அதை நிறுத்தினார்கள். ஆனால் குற்றாலத்தில் அதட்ட யாரும் இல்லை. அங்கே யாரும் வேண்டுமென்று மடக்க வேண்டியதும் இல்லை. மலையிலிருந்து இறங்கும் காற்றே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாரல் விழுந்துகொண்டிருந்தது. சீசனுக்கு வந்த ஜனம் நெரிந்தது. எங்கள் கடை முன்னால் ஒரு வரிசை. அத்தனை பேர் கையிலும் தலைகீழாக மலர்ந்த குடை. கறுப்புத் தாமரைக் குளம் ஒன்று எழுந்து நடந்து வருகிற மாதிரி இருந்தது. நிலைமையை மறந்து ஒரு நிமிஷம் ரசித்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கடைக்குள் பெட்டிகள் காலியாகிக்கொண்டே வந்தன. விற்பதற்கு வைத்திருந்த குடை எல்லாம் மாற்றிக் கொடுப்பதிலேயே போய்க்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில் தென்காசியிலிருந்து குதிரை வண்டியில் பெரியக்கா வந்து இறங்கினார். வரிசையைப் பார்த்தார். காலிப் பெட்டிகளைப் பார்த்தார். பின்கட்டில் துணி தீர்ந்துவிட்டது, பெண்கள் விரல் வீங்கிக் கிடக்கிறார்கள், இன்றைக்கே நோட்டீஸைக் கிழித்துவிட்டுக் கடையைச் சாத்துங்கள் என்றார். எதற்கும் முன்னால் குதிக்கிற முதலாளி என் முகத்தைப் பார்த்தார்.

தம்பிமாரே, ஏஜென்சியில் இந்த மாதிரி கட்டம் வந்தால் நாம் சொல்வதற்கு ஒரு வசனம் உண்டு. கொஞ்சம் மாற்றி எழுதி நாளைக்கு அனுப்புகிறேன் என்போம். என் மூளையும் பழக்கதோஷத்தில் மாற்றி எழுத ஆரம்பித்துவிட்டது. நோட்டீஸுக்கு அடியில் பொடி எழுத்தில் ஒரு நிபந்தனை. கம்பி உடைந்தால் மட்டுமே, கம்பெனியார் தீர்மானமே முடிவானது, இன்ன பிற. சொற்கள் அழகாகக்கூட வந்தன. ஆனால் தலையைத் தூக்கினால், வரிசையில் முதலில் நின்ற மனிதர் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அவரிடம் போய் நாளைக்கு அனுப்புகிறேன் என்று எப்படிச் சொல்வது? வாசகத்தை வாசிக்கிற முகத்தை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததே கிடையாது.

அவர் வீரகேரளம்புதூர்க்காரர். கூட அவர் மனைவி. புதுசாகக் கல்யாணமானவர்கள் என்று பார்த்தாலே தெரிந்தது. அவர் குடையை நீட்டினார். நான் கையை நீட்டுவதற்குள் அந்தப் பெண் குறுக்கே கையை வைத்துப் பிடுங்கிக்கொண்டாள். குடைப் பிடியில் அடையாளத்துக்குச் சிவப்பு நூல் சுற்றியிருந்தது.

"எங்க அண்ணன் வாங்கித் தந்த குடை இது. இதக் குடுத்துட்டு முகந்தெரியாத குடை ஒண்ணத் தூக்கிட்டுப் போகவா?"

"மடங்கிட்டுல்லா. மடங்குனா புதுசு தருவோம்னு போட்டிருக்காவ" என்றார் அவர்.

"மடங்குனா என்ன? மடங்குனது திரும்பாதோ?"

சொல்லிவிட்டு அவள் தட்டியைத் தாண்டி வெளியே போனாள். காற்று எந்தப் பக்கம் வருகிறது என்று முகத்தைக் காட்டிப் பார்த்தாள். பிறகு மலர்ந்து நின்ற குடையின் முதுகைக் காற்றுக்கு நேரே திருப்பினாள். மடக்கிய காற்றே வந்து மோதி, டப்பென்று ஒரே அடியில் குடையைப் பழைய மாதிரி கவிழ்த்தது. ஒரு கம்பி போகவில்லை, ஒரு தையல் பிரியவில்லை. அவள் திரும்பி வந்து அதைப் புருஷன் தலைக்குமேல் பிடித்தாள்.

"இதுக்கு என்ன கேடு வந்துட்டு இப்பம்?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்த மனிதருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பெண்டாட்டி பிடித்த குடைக்கடியில் நின்றுகொண்டு எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு நடந்தார்.

முதலாளியின் கண்ணில் பழைய வெளிச்சம் வந்துவிட்டது. பெஞ்சுமேல் ஏறி ஏதோ அறிவிக்கப் பாய்ந்தார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். அந்த ஊருக்கு வந்தபின் நான் செய்த முதல் உருப்படியான காரியம் அதுதான். அவரை நிறுத்திவிட்டுப் பெரியக்காவிடம் திரும்பி, எல்லாக் குடையும் இப்படித் திரும்புமா என்று கேட்டேன். அதுவரை எந்த யோசனையையும் அவரிடம் நான் கேட்டதில்லை.

பெரியக்கா வரிசையில் இருந்த ஒரு குடையை வாங்கித் தையலைத் தடவிப் பார்த்தார். கம்பி நல்ல கம்பி, துணியைக் கம்பி நுனியோடு சேர்க்கிற முனைக்கட்டு நின்றால் திரும்பும், முனைக்கட்டு எங்கள் பெண்கள் கட்டியது, பெரும்பாலும் நிற்கும் என்றார். நிற்காவிட்டால் என்று கேட்டேன்.

"நிக்காட்டா அது எங்க குத்தம். புதுசு குடுத்துட வேண்டியதுதான்."

நான் பெஞ்சுமேல் ஏறினேன். என்ன சொல்ல வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. எந்தச் சொல்லைச் சேர்க்கக் கூடாது என்பதும் தெரிந்தது. நோட்டீஸில் போட்டது போட்டதுதான் என்றேன். புதுக் குடை வேண்டும் என்பவர்கள் இந்தப் பக்கம் வாருங்கள், கேள்வி இல்லாமல் தருகிறோம். கையில் இருப்பதே போதும் என்று தோன்றுகிறவர்கள், அந்த அம்மாள் செய்ததுபோல ஒரு தடவை காற்றுக்குக் குடையின் முதுகைக் காட்டிப் பாருங்கள். அவ்வளவுதான் பேசினேன்.

பிறகு பின்வரிசையில் ஒருவர் வெளியே வந்து குடையைத் திருப்பினார். டப். அவர் பக்கத்தில் இருந்தவர் திருப்பினார். டப். அப்புறம் அந்த ரோடு முழுக்க டப் டப் டப் என்று ஆரம்பித்துவிட்டது. பெரிய மனுஷர்கள், வக்கீல்கள், எண்ணெய் வழியும் தலையோடு அருவிக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள், எல்லோரும் காற்றைப் பார்த்து நிற்கிறார்கள். குடை கவிழ்ந்தால் சிரிக்கிறார்கள். கவிழ்ந்த குடையை வேண்டுமென்றே இன்னொரு தடவை மலர விடுகிறார்கள். மறுபடியும் கவிழ்க்கிறார்கள். குடை இல்லாதவர்கள் அடுத்தவர் குடையை வாங்கித் திருப்பிப் பார்த்தார்கள். அது போதாமல் கடைக்கு வந்து ஒன்று வாங்கிக்கொண்டு ஓடினார்கள். அருவிச் சத்தத்துக்கு மேலே அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்டது.

முனைக்கட்டு அறுந்து திரும்பாத குடைகளும் இருந்தன. பெரியக்காவே எடுத்துப் புதுசு கொடுத்தார். திருப்பிப் பார்க்கவே மாட்டேன், நோட்டீஸ்படி எனக்குப் புதுக் குடைதான் வேண்டும் என்று நின்றவர்களும் உண்டு. கடுகடுவென்று ஒருவர், குடை அவர் கையிலேயே தானாகத் திரும்பிவிட்ட பிறகும், அது முன்னே மடங்கியது மடங்கியதுதானே என்றார். நியாயம்தான். அவருக்கும் கொடுத்தோம். அவர் கேட்டது எங்கள் வார்த்தையை. அதைக் கொடுக்காமல் அவரிடம் வாதாடி ஜெயித்திருந்தால், வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேரிடமும் தோற்றிருப்போம். நெருக்கடியில் வார்த்தையைக் குறைக்காதீர்கள். முடிந்தால் பக்கத்தில் இன்னொரு வழியைத் திறந்து வையுங்கள். எதில் போவது என்பதை வாங்கினவர் தீர்மானிக்கட்டும். இதை நான் யோசித்துக் கண்டுபிடித்ததாகச் சொன்னால் பொய். அந்தப் பெண் கண்முன்னால் செய்து காட்டினாள். நான் செய்ததெல்லாம், அதைக் குறுக்கே பேசிக் கெடுக்காமல் இருந்தது.

சாயங்காலம் கடையில் குடை எல்லாம் விற்றுத் தீர்ந்துவிட்டது. தென்காசிக்குத் திரும்பும் வண்டியில் மூன்று பேரும் நனைந்துபோய் உட்கார்ந்திருந்தோம். முதலாளிக்கு வாய் சும்மா இல்லை. நாளைக்குச் சுவரெல்லாம் 'மடங்கும், திரும்பும்' என்று எழுதிவிட வேண்டும், மணிமுத்தாறு வரைக்கும் எழுத வேண்டும், மலையிலேயே எழுதினால் என்ன என்று போய்க்கொண்டிருந்தார். எனக்கும் நாக்கு அரித்தது. பெரியக்கா இருப்பதை நினைத்து அடக்கிக்கொண்டேன்.

பெரியக்கா வெளியே சாரலைப் பார்த்துக்கொண்டே வந்தவர், திடீரென்று பேசினார்.

"இனிமே நீங்க ரெண்டு பேரும் கூடிப் பேசுததுன்னா, என்னையும் வச்சுக்கிட்டுப் பேசுங்க."

சரி என்றோம். அன்றைக்குப் போட்ட ஏற்பாடுதான், பின்கட்டு ஆள் இல்லாமல் இந்தக் கம்பெனியில் விளம்பரக் கூட்டம் நடக்காது என்கிற வழக்கம். உங்களில் சிலருக்கு அது தொந்தரவாக இருக்கிறது என்று கேள்வி. இருக்கட்டும், பழகிவிடும்.

வண்டி மேலகரம் தாண்டும்போது பெரியக்கா மறுபடியும் வாயைத் திறந்தார். தைக்கிற பெண்கள் ஒருத்தியும் தாங்கள் தைத்த குடை ஜனங்கள் கையில் விரிந்து பார்த்ததில்லை, பின்கட்டில் மடித்துக் கட்டி அனுப்புவதோடு சரி என்றார். யாரிடமும் யோசனை கேட்கிற குரலில் அவர் சொல்லவில்லை. ஆனால் முதலாளி வண்டியிலேயே எழுந்து நிற்கப் பார்த்தார். மறுநாள் விடிந்தபோது கம்பெனி வாசலில் வில்வண்டிகள் நின்றன. தையல் வேலைக்கு லீவு. அத்தனை பெண்களையும் குற்றாலத்துக்கு ஏற்றிக்கொண்டு போனோம்.

அவர்கள் அருவியைப் பார்க்கவே இல்லை. பெரிய அருவி விழுகிற இடத்தில் அதற்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, ரோட்டில் போகிற குடைகளைப் பார்த்தார்கள். நேற்றைக்குப் பழகிய விளையாட்டு இன்னும் ஓயவில்லை. காற்று வர வர, குடைகள் மலர்ந்து கவிழ்ந்துகொண்டிருந்தன. அவர்கள் ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஏட்டி, அன்னா போகுது உன் முனைக்கட்டு என்று ஒருத்தி காட்ட, இல்லை அது என் தையல் என்று இன்னொருத்தி சண்டைக்குப் போனாள். பெரியக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல்.

அவர்களில் ஒருத்தி, யாரிடமும் நிமிர்ந்து பேசாதவள், கூட்டத்தை விட்டு நழுவி நேரே ரோட்டுக்குப் போனாள். கோட்டும் தலைப்பாகையுமாக ஒரு மதுரை வக்கீல் வந்துகொண்டிருந்தார். அவர் முன்னால் போய் நின்று குடையின் ஓரத்தை விரலால் தொட்டாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. என்ன அம்மா என்றார்.

"இது நான் தைச்சது" என்றாள்.

வக்கீல் அண்ணாந்து தன் குடையைச் சுற்றிலும் ஒரு முறை பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். சாரல் அவள் தலையெல்லாம் பொடியாக அப்பியிருந்தது. அவர் இரண்டு அடி முன்னால் வந்து, குடையை அவள் தலைக்குமேல் நகர்த்திப் பிடித்துக்கொண்டு நனைந்தபடி நின்றார்.